ஜிக்குக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

சேலம் பக்கம் வீட்டிலேயே ஈயம் உருக்கி, மீன் பிடிக்கிற ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) வார்க்கிறவர்கள் இப்போது அங்கங்கே இருக்கிறோம். வார்க்கும் வரை எல்லாம் நம் கையில். பெயின்ட் என்று வரும்போதுதான் வெளி ஆளை நம்ப வேண்டியிருக்கிறது. நகரத்துக்குள் இருக்கிற ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையை அப்படி நம்பி, நான் வார்த்த நூற்றுக்கும் மேற்பட்ட ஜிக்கைக் கொடுத்தேன். காசும் போனது, முள்ளும் பாழாகிவிட்டது. பட்டறையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் செய்த வேலையை மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் அவசரத்தில் இருக்கிற எந்தப் பட்டறையும் இதையே செய்யலாம்.

பவுடர் கோட்டிங் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வெறும் ஈயத்தின் மேல் எனாமல் சரியாகப் பிடிக்காது. கல்லில் நாலு தரம் மோதினால் செதில் செதிலாக உதிரும். நெயில் பாலிஷும் அவ்வளவுதான். பவுடர் அப்படியில்லை, சூட்டில் உருகி ஒரே தோலாக இறுகிவிடும். கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் அடிப்பது இதைத்தான். துப்பாக்கியிலிருந்து மின்னேற்றத்தோடு வரும் தூள், எதிரில் அடித்தாலும் சுற்றிப் போய்ப் பின்பக்கத்திலும் ஒட்டும். கிரில்லுக்கு அது நல்லது. ஜிக்குக்கோ, தூண்டில் நரம்பு கோக்கிற வளையமான காதுக்குள்ளேயும் அதே தூள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைக் கொடுக்கும்போதே சொன்னேன். ஒரு ஜிக்கைக் கையில் எடுத்து, காது எங்கே இருக்கிறது, ஏன் அடைபடக் கூடாது என்று காட்டியும் சொன்னேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோங்க சார். ஒவ்வொண்ணுக்கும் அடைப்பு வெச்சுத்தான் அடிப்போம்" என்றார் பட்டறைக்காரர். ஜிக் ஒன்றுக்கு 6 ரூபாய், காதை அடைக்கிற கைவேலைக்கு 2 ரூபாய் தனி. ஒப்புக்கொண்டு, துண்டுச் சீட்டில் அதை எழுதியும் வாங்கினேன்.

திரும்ப வாங்கும்போது நிறம் அருமையாக இருந்தது. கிளிப்பச்சையும் ஆரஞ்சும் கண்ணைப் பறித்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், காதெல்லாம் திறந்தே இருந்தன. பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பூலாம்பட்டி கதவணைக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கிற பக்கம், ஆகாயத்தாமரை ஓரத்தில் விரால் இருக்கும். அங்கே போட்டபோது நல்ல மீன் ஒன்று அடித்தது. கழியை இழுத்துக் கொடுத்த நொடியில் நரம்பு அறுந்தது. முடிச்சு நழுவியிருந்தால் நுனி சுருண்டு வந்திருக்கும். இது சுருளவில்லை, முடிச்சு இருந்த இடத்திலேயே அரைகுறையாக அறுபட்டு நைந்து கிடந்தது. வேறு ஜிக் கட்டினேன். அடுத்து நடந்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. மீன் பிடித்து இழுக்கிறது, சட்டென்று பாரம் விட்டுப் போகிறது, சுற்றி எடுத்தால் நரம்பின் நுனியில் முடிச்சும் முடிச்சுப் போட்ட நரம்பு வளையமும் அப்படியே இருக்கின்றன. ஜிக் மட்டும் இல்லை. வாயில் ஈயத்தோடும் முள்ளோடும் அந்த விரால் போய்விட்டது. நரம்புக்கும் ஜிக்குக்கும் ஆன செலவைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. பிடித்தால் எடுக்க வேண்டும், வேண்டாமென்றால் முள்ளைக் கழற்றி விட வேண்டும். இப்படி அனுப்பக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் மிச்ச ஜிக்குகளைக் கொண்டுபோனேன். வெள்ளி வளையத்தின் பற்றவைப்பைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல டிரில் ஓட்டிருக்காங்கப்பா" என்றார். காதின் உள்விளிம்பு முழுக்கப் பிசிறு. ஒரு பக்கம் கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தது. சிலவற்றில் காதைச் சுற்றி நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. அதாவது நெருப்புக் காட்டியிருக்கிறார்கள். காதுக்கு அடியில் ஈயத்தின் கழுத்தும் லேசாக இளகி வழிந்திருந்தது. ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். பவுடரைச் சுடுகிற ஓவன் வழக்கமாக 180, 200 டிகிரியில் ஓடும், அதில் ஈயம் வழியவே வழியாது. கேஸ் டார்ச் இல்லாமல் இது நடக்க வழியில்லை.

தூண்டில் முள்ளின் காது வார்ப்பு அல்ல, கம்பியின் நுனியை வளைத்து வைத்தது. வளையம் மூடுகிற இடத்தில் ஓர் இணைப்பு இருக்கும். கம்பி பதம் ஏற்றிய எஃகு என்பதால்தான் இழுவையில் அந்த வளையம் விரியாமல் நிற்கிறது. டார்ச் காட்டினால் பதம் இறங்கிவிடும். அதன் மேல் டிரில்லும் விட்டுக் கம்பியை மெலிய வைத்தால், மீன் இழுக்கும்போது வளையம் வாய் திறக்கும், நரம்பு அந்த இடுக்கு வழியாக முடிச்சோடு வெளியே வந்துவிடும். விரால் ஜிக்கோடு போனது இப்படித்தான்.

ஜிக்குகளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில், "வாளை பல்லு பட்டு அறுந்திருக்கும் தம்பி" என்றார். பணம் வாங்கும்வரை சார், இப்போது தம்பி. வாளைக்குப் பல் உண்டுதான், ஆனால் வாளைப் பல் கம்பியில் நீலநிறம் ஏற்றாது. கண்ணாடியில் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். காதுகளை அடைக்கவே இல்லை. மொத்தமாக அடித்து, சுட்டு, அடைபட்ட காதுகளை டார்ச்சில் பொசுக்கி, டிரில் விட்டுத் திறந்திருக்கிறார்கள். "ஓட்ட தொறந்துதானே இருக்குது, அப்புறம் என்னங்கிறீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். செய்யாத வேலைக்கு வாங்கிய 2 ரூபாயைக்கூடத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

சரியாகச் செய்ய அவர்களுக்குப் பெரிய பாடே இல்லை. வேலை எல்லாம் ஓவனுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். சுடுவதற்கு முன் அது வெறும் தூள், தையல் ஊசியை ஒரு தரம் உள்ளே விட்டு எடுத்தால் கொட்டிவிடும். சூடு தாங்கும் சிலிக்கோன் அடைப்பு வைத்தால் அதுவும் வேண்டாம். சுட்டு இறுகிய பிறகுதான் அது கல்லாகிறது. நான் இப்போது வீட்டிலேயே செய்கிறேன். ஹீட் கன்னில் ஈயத் தலையைச் சூடாக்கி, தூளில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் அங்கேயே உருகிப் பளபளக்கும். அது இளகி இருக்கும்போதே ஊசியால் காதைக் குத்திவிடுகிறேன். தூளை அப்பிக்கொள்ள விடக் கூடாது. கனம் கூடினால் சுடும்போது வழிந்து மறுபடி காதுக்குள் இறங்கும். பிறகு முள்ளின் வளைவைக் கொக்கியாக மாட்டி, பவுடர் டப்பாவில் போட்டிருக்கும் சூட்டில், சொன்ன நேரம் சுட வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு பழைய ஓவன் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் செய்கிற ஓவனில் ஈயத்தைக் கொண்டுபோகவே வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பட்டறைக்குத்தான் கொடுப்பேன் என்றால், முதலில் பத்து ஜிக் மட்டும் கொடுங்கள். காதை அடைத்து அடிப்பது, டார்ச்சோ டிரில்லோ காதில் படக்கூடாது என்பது, இரண்டும் பில்லிலேயே இருக்கட்டும். நான் சீட்டு வைத்திருந்ததால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்ய முடிந்தது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய சேவைக்கு அங்கே கட்டணமே கிடையாது, நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும்.

ஏற்கெனவே வெளியில் கொடுத்து வாங்கி வைத்திருப்பவர்கள், அடுத்து ஆற்றுக்குப் போகும் முன் கொஞ்சம் பஞ்சைத் திரித்துக் காதுக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் உள்ளே பிசிறு இருக்கிறது. காதைச் சுற்றி நீலம் ஓடியிருந்தாலும், ஈயத்தின் கழுத்து வழிந்திருந்தாலும் அந்த ஜிக்கைத் தண்ணீரில் போடாதீர்கள். பிசிறை அரம் போட்டு எடுத்துவிடலாம், இறங்கிய பதத்தை வீட்டில் ஏற்ற முடியாது. முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, பெயின்டைச் சுரண்டி எடுத்து, ஈயத்தை மறுபடி உருக்கிக்கொள்ளுங்கள்.