ஓஸ்லோ டாட்டூ: அரசர் காவல்படையின் டிரில்லா, ஸ்டாஃப் பேண்டின் இசையா?

டாட்டூ என்றதும் தோலில் குத்தும் பச்சையை நினைக்க வேண்டாம். இராணுவ இசைக்குழுக்களும் அணிவகுப்புப் படைகளும் ஒரே அரங்கில் இறங்கித் திறமை காட்டும் விழாவுக்கும் அதுதான் பெயர். நார்வே இராணுவத்தின் டாட்டூ 1994-இல் தொடங்கி, ஓஸ்லோ ஸ்பெக்ட்ரம் உள்ளரங்கில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடந்து வந்திருக்கிறது. வெளிநாட்டுக் குழுக்கள் எத்தனை வந்தாலும், நார்வேக்காரர்களுக்குள் எது மேல் என்று கேட்டால் பேச்சு இரண்டு பேரிடம்தான் வந்து நிற்கும்.

ஒரு பக்கம் இராணுவத்தின் இசைக்குழுவான ஸ்டாஃப் பேண்டு. 1818 முதல் வரும் மரபு. வாசிப்பவர்கள் முழுநேரத் தொழில்முறைக் கலைஞர்கள். ஹார்டன், ட்ரான்ட்ஹைம், பெர்கன், ஹார்ஸ்டாட் ஊர்களிலும் இராணுவத்துக்கு இதேபோன்ற தொழில்முறைக் குழுக்கள் உண்டு. மேடைக் கச்சேரிக்குரிய சுத்தத்தோடு, நடந்துகொண்டே வாசிப்பார்கள். இது எவ்வளவு கடினம் என்பது கிளாரினெட்டோ டிரம்பெட்டோ கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். கால் தரையில் படும் ஒவ்வொரு அதிர்வும் உதட்டுக்கு ஏறும், ஸ்வரம் நடுங்கும். இவர்களிடம் அந்த நடுக்கமே தெரியாது.

மறுபக்கம் அரசர் காவல்படையின் மூன்றாம் கம்பெனி என்ற படைப்பிரிவு. படை உருவானது 1856-இல், ஸ்டாக்ஹோமில். இன்று ஓஸ்லோவில் அரண்மனை வாசலில் நிற்பதும் இதே படைதான். குதிரை மயிர்க் குஞ்சம் வைத்த கறுப்புத் தொப்பியைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கம்பெனியின் பேண்டில் வாசிப்பவர்களும் டிரில்லில் துப்பாக்கி சுழற்றுபவர்களும் கட்டாய இராணுவச் சேவைக்கு வந்த இளைஞர்கள். ஏறக்குறைய ஒரு வருடம்தான் இருப்பார்கள். 2015 முதல் அந்தச் சேவை பெண்களுக்கும் கட்டாயம் என்பதால் வரிசையில் பெண்களும் உண்டு. இந்த ஆண்டு உருவான ஒத்திசைவு அடுத்த ஆண்டு வீட்டுக்குப் போய்விடும். புதிதாக வருபவர்களை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர்கள் கையில் இருப்பது எம்1 கராண்ட், நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள பழைய துப்பாக்கி. அதைத் தூக்கி எறிகிறார்கள். காற்றில் ஒரு சுற்று சுற்றி, பக்கத்தில் இருப்பவர் கையில் வந்து விழுகிறது. பத்துப் பதினைந்து உள்ளங்கைகள் ஒரே நொடியில் மரக்கட்டையில் அறையும் அந்த ஒற்றை 'தப்' சத்தத்துக்காகவே உள்ளரங்கில் பார்க்க வேண்டும். ஒரு கை அரை நொடி பிந்தினால் அது தனிச் சத்தமாகக் கேட்டுவிடும். மறைக்க இடமே இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ டாட்டூ தோற்கிறது என்பேன். 1950 முதல் கோட்டை முற்றத்தில் திறந்தவெளியில் நடக்கும் அந்த விழாவின் அழகு வேறு. இருட்டில் கோட்டை மதில் மேல் தனியாக நின்று ஒருவர் பேக்பைப் வாசிப்பதை எந்தக் கூரையும் தர முடியாது. ஆனால் துப்பாக்கிக் கட்டையின் நுண்ணிய ஓசையைக் காற்று கொண்டுபோய்விடும். காவல்படைக்கு அந்த ஊரோடு இன்னொரு உறவும் இருக்கிறது: 1972-இல் எடின்பரோ விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு பென்குயினைத் தத்தெடுத்து, நில்ஸ் ஒலாவ் என்று பெயரிட்டார்கள். ஒன்று இறந்தால் அடுத்தது அதே பெயரையும் பதவியையும் ஏற்கும். 2008-இல் நைட் பட்டம், 2023-இல் மேஜர் ஜெனரல் பதவி. அணிவகுத்து நிற்கும் வீரர்களை அது நடந்து போய்ப் பார்வையிடும்போது ஒருவர் முகத்திலும் அசைவு இருக்காது!

இசையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஸ்டாஃப் பேண்டுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் என்றால் என் தேர்வு காவல்படை. இருபது வயதைச் சுற்றியுள்ள பிள்ளைகள், கைக்குக் கிடைத்த ஒரு வருடத்துக்குள், தலைக்கு மேல் போன துப்பாக்கியை அண்ணாந்தும் பார்க்காமல் பிடிக்கக் கற்றிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் சரியாகத்தான் எறிவார் என்று நம்பிக் கையை நீட்டுகிறார்கள். அதை அரங்கின் மேல்வரிசையில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். சத்தம் வந்து சேரும் தூரத்தில், கீழே இடம் பிடியுங்கள்.