கவர், போத்தம் போன பிறகு: ஆறு கோடைகால கமெண்டரி அனுபவம்

2019 ஆஷஸ் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடர்) முடிந்ததோடு, முன்னாள் இங்கிலாந்து கேப்டன்கள் டேவிட் கவரும் இயன் போத்தமும் பிரிட்டிஷ் டிவி சேனல் ஸ்கை ஸ்போர்ட்ஸின் கமெண்டரியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. லண்டனுக்கு வந்த புதிதில் கோடைகாலம் என்றாலே கவரின் குரல்தான். அதற்குப் பிறகு ஆறு கோடை ஓடிவிட்டது. இங்கே நடக்கும் டெஸ்ட் எதையும் அநேகமாக விடுவதில்லை. இப்போது கேட்டால், பழையவர்களுக்குப் பதில் சமீபத்தில் ஆடியவர்களைக் கொண்டுவந்த மாற்றம் சரி என்றே சொல்வேன்.

ஊரில் அப்பா ரேடியோவில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்பார். ரேடியோவில் படம் கிடையாது. பந்து எங்கே போனது, யார் துரத்துகிறார் என்பதையெல்லாம் சொல்லியே காட்ட வேண்டும். டிவியில் அந்த வேலை இல்லை. பந்து பேட்டின் விளிம்பில் பட்டு (எட்ஜ்), விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப்புக்குப் போனதை நானே பார்க்கிறேன். ஏன் எட்ஜ் எடுத்தது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

ஒரு மழை இடைவேளை நன்றாக நினைவிருக்கிறது. ஓய்வு பெற்று அதிக நாளாகாத ஒரு வேகப்பந்து வீச்சாளர், பந்தைக் கையில் வைத்து 'வாபிள் சீம்' காட்டினார். வழக்கமாகச் சீமை (பந்தின் நடுவில் ஓடும் தையலை) ஒட்டிப் பிடிக்கும் இரண்டு விரல்களையும் கொஞ்சம் அகலமாக வைத்தால், சீம் நேராக நிற்காமல் தள்ளாடிக்கொண்டே போகும். தரையில் எப்படிப் படுகிறதோ அதைப் பொறுத்து உள்ளே வரலாம், வெளியே போகலாம். போட்டவருக்கே தெரியாது என்றால் பேட்ஸ்மேன் என்ன செய்வார்? என் மகள் உடனே டென்னிஸ் பந்தை எடுத்து, பேனாவால் சீம் மாதிரி கோடு போட்டு, ஹாலில் சுவரைப் பார்த்துப் போட ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருடம் கிரிக்கெட் பார்த்த எனக்கும் அன்றைக்குத்தான் அது விளங்கியது.

இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஸ்டூவர்ட் பிராடையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே 2019 ஆஷஸில் ஆஸ்திரேலியாவின் இடதுகை ஆட்டக்காரர் டேவிட் வார்னரைப் பத்து இன்னிங்ஸில் 7 முறை அவுட்டாக்கியவர். 2023-இல் ஓய்வு பெற்றதும் மைக் பிடித்தார். இடதுகை ஆட்டக்காரருக்கு ரவுண்ட் த விக்கெட் (ஸ்டம்பின் மறுபக்கத்திலிருந்து) வருவதைப் பற்றி அவர் பேசும்போது அதற்குத் தனி எடை இருக்கிறது. நம் தினேஷ் கார்த்திக் 2021 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலுக்கு கமெண்டரி செய்தபோது இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். எதிரில் ஆடுபவர்களோடு நேற்றுவரை ஆடியவர் பேசுவது வேறு ரகம்.

ஆனால் வயதானவர்கள் எல்லாரையும் அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூலையில் சவுத்தாம்ப்டனில் மழை பெய்தபோது, நிறவெறி பற்றி முன்னாள் வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங் பேசியதைக் கேட்டு வீட்டில் யாரும் அசையவில்லை. அவருக்கு அப்போது வயது 66. இந்த ஆறு வருடத்தில் நான் கேட்ட மிகப் பெரிய விஷயம் அதுதான். அன்று அவரோடு பேசிய முன்னாள் இங்கிலாந்து வீராங்கனை எபோனி ரெயின்ஃபோர்ட்-பிரென்ட் புதிய தலைமுறை. முன்னாள் இங்கிலாந்து கேப்டன்கள் நாசர் ஹுசைனும் மைக் ஆதர்டனும் பழைய ஆட்கள்தான், இருந்தும் யாரைப் பற்றிப் பேசினாலும் தயாராக வந்திருப்பது தெரியும். "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்து ஓவர் முழுக்க ஓட்டுகிறவர்களைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

புதியவர்களிடம் எனக்கு ஒரே ஒரு குறை. ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது பேசியாக வேண்டும் என்று நினைக்கிறார்கள், அதுவும் டி20-இல் மூச்சு விடவே இடம் இல்லை. விக்கெட் விழுந்ததும் கவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். ஸ்டம்ப் மைக்கில், ஸ்டம்ப் மேல் இருக்கும் பெய்ல்ஸ் குச்சிகளை எடுத்து வைக்கும் சத்தம்கூடக் கேட்கும். அதை மட்டும் இவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.