மாண்டிசாவின் 'ட்ரூ பியூட்டி': முழுதாக ஒலித்த குரல்

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் சபையின் பாடகர் குழு சனிக்கிழமை மாலைகளில் பயிற்சிக்குக் கூடும்போது, ஆல்டோ எனும் தாழ்ந்த பெண்குரல் பகுதியைப் பாடுபவர்களுக்கு நான் அடிக்கடி போட்டுக் காட்டும் ஆல்பம் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகி மாண்டிசாவின் 'ட்ரூ பியூட்டி'. 2007 ஜூலை 31 அன்று ஸ்பாரோ ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இந்த முதல் ஆல்பத்தின் சிறப்பு, கீழ்ஸ்தாயியில் கனத்து ஒலிக்கும் ஒரு பெண்குரலை ஒளிக்காமல் முன்னால் நிறுத்தியதுதான்.

நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இசை பயின்று, பிறருடைய பாடல்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த மாண்டிசா, 2006இல் 'அமெரிக்கன் ஐடல்' தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் ஐந்தாம் பருவத்தில் கலந்துகொண்டார். அவருடைய உடற்பருமனை நடுவர் சைமன் கோவெல் கேலி செய்தது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பின்னர் அவர் முன் நின்ற மாண்டிசா, அந்தச் சொற்கள் தம்மைப் புண்படுத்தியதை மறைக்காமல் சொல்லி, இயேசு தம் தவறுகளை மன்னிக்க மரித்தார் என்பதால் தாமும் அவரை மன்னிப்பதாகக் கூறினார். போட்டியில் கிடைத்தது ஒன்பதாம் இடம். ஆனால் ஆல்பமோ அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கிறிஸ்தவ ஆல்பங்கள் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது; அப்பட்டியலின் 27 ஆண்டு வரலாற்றில் புதிய பாடகி ஒருவருக்கு அது முதன்முறை. கிராமி பரிந்துரையும் பெற்றது.

மேரி மேரி சகோதரிகள் பாடிப் புகழ்பெற்ற 'ஷேக்கிள்ஸ்' பாடலைப் போட்டி மேடையில் சுருக்கிப் பாட நேர்ந்த அவர், இந்த ஆல்பத்தில் அதை முழுமையாகப் பாடியிருக்கிறார். என் மனம் தங்குவது 'காட் ஸ்பீக்கிங்' பாடலில். அன்றாட நிகழ்வுகளின் வழியாகவும் கடவுள் பேசக்கூடும் என்று சொல்லும் அந்தப் பாடலை, சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம். பேச்சுக்கு மிக நெருக்கமாகத் தொடங்கும் குரல் பல்லவியில் விரியும்போது, அடுத்த அடிக்கு அவர் மூச்சை எங்கே சேமிக்கிறார் என்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. மாறாக, 'ஒன்லி தி வேர்ல்ட்' போன்ற வேகமான பாடல்களில் டிரம்ஸும் கிட்டாரும் அந்தக் குரலை நெருக்குகின்றன. வாத்தியங்களைக் குறைத்திருக்கலாம் என்பதே என் ஒரே மனக்குறை.

எங்கள் ஆல்டோ வரிசையில் ஒரு சகோதரி இருக்கிறார். முன்பு வேறோர் இடத்தில், அங்கி பொருந்தவில்லை என்று சொல்லி அவரைத் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்தார்களாம். மாண்டிசா 2024 ஏப்ரலில், 47 வயதில், மறைந்த செய்தி வந்த வாரம், தலைப்புப் பாடலை அந்தச் சகோதரி என்னிடம் கேட்டு வாங்கிச் சென்றார். அடுத்த சனிக்கிழமை, தம் குரலுக்கு ஏற்பச் சுருதியை அரைக் கட்டை இறக்கித் தரும்படி கீபோர்டு வாசிப்பவரிடம் கேட்டு, முன்வரிசையில் நின்று பாடினார்.