இடுப்பு வலிக்கு 38,500 ரூபாய்: பேக்கேஜ் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"ரீஃபண்ட் எல்லாம் கிடையாது சார்" என்று இன்று காலை கிளினிக்கில் போனை வைத்துவிட்டார்கள். அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன். போனது 38,500 ரூபாய்.

கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. 'முதுகுத்தண்டு ஸ்பெஷல்' என்று போர்டு போட்ட கிளினிக் ஒன்றுக்குப் போனேன். உள்ளே இருந்தவர் பொது மருத்துவர்தான். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, முட்டியில் தட்டிப் பார்க்கவில்லை. நேராக எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 என்ற இடத்தை (கீழ் முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே, டிஸ்க் என்ற மெத்தை போன்ற வட்டு இருக்கும் இடம்) பேனாவால் வட்டம் போட்டு, "டிஸ்க் பிதுங்கியிருக்கு. இப்ப விட்டா ஆபரேஷன்தான்" என்றார். அப்புறம் தோளில் கை வைத்து, "என் தம்பியா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கட்டினேன். இடுப்பை இழுக்கும் ட்ராக்‌ஷன், பெல்ட், ஏதோ லேசர். பில்லில் ஒரே வரி: 'ஸ்பைன் பேக்கேஜ் 38,500'.

வலி அப்படியே இருந்தது. எங்கள் குடும்ப டாக்டர் தசைப் பிடிப்பு என்றார். எலும்பு டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நரம்பு அழுத்தம் போலத் தெரியவில்லை, இடுப்பு மூட்டாக இருக்கலாம் என்றார். மூன்று பேர், மூன்று பெயர். ஆனால் பின்னவர்கள் இருவரும் "உறுதியாகச் சொல்ல முடியாது, நடமாடுங்கள், பெரும்பாலும் சில வாரத்தில் குறையும்" என்று நேர்மையாகச் சொன்னார்கள். பெயரை விற்றது முதல் ஆள் மட்டும்தான்.

பிறகு தேடிப் படித்தேன். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்ததாம். 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஒரே பெண்ணை 10 மையங்களில் ஸ்கேன் செய்தார்கள்; பத்து ரிப்போர்ட்டிலும் ஒன்றுபோல வந்த கோளாறு ஒன்றுகூட இல்லை. அந்த வட்டத்துக்கா 38,500?

பாதி சிட்டிங்கூட முடியவில்லை, மீதியையாவது கொடுங்கள் என்றேன். "டாக்டர் கேம்ப் போயிருக்கார்." அப்புறம் "அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க." அக்கவுன்ட்ஸில் "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்."

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. தொட்டுப் பார்க்காமல் ஸ்கேன் எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். சிறுநீர் அடைத்தாலோ, ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போனாலோ, கால் பலம் இழந்தாலோ கிளினிக் பக்கமே போகாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.