இடத்தைப் பிரிப்பதா, பிள்ளைகளைப் பிரிப்பதா?

அங்கன்வாடியில் 20 பிள்ளைகள், ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். கவனிப்பை இரண்டு விதமாகப் பங்கிடலாம்.

முதலாவது, இடத்தைப் பிரிப்பது. ஒருவருக்கு விளையாட்டு மூலையும் வாசலும்; மற்றவருக்குக் கழிப்பறையும் கைகழுவும் இடமும். பிள்ளைகள் இஷ்டம்போல் ஓடும் நேரத்துக்கு இதுதான் சரி. சுவரோரமாக, வாசல் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். நடுவில் நின்றால் பாதிப் பிள்ளைகள் முதுகுப்பக்கம் போய்விடுவார்கள். உதவியாளர் அடுப்பைப் பார்க்கப் போனால் அவர் இடம் ஆளில்லாமல் கிடக்கும் என்பது இதிலுள்ள ஆபத்து. "டீச்சர், நான் உள்ள போறேன், இங்கயும் பாத்துக்கிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லி, பதில் வந்த பிறகே நகர வேண்டும்.

இரண்டாவது, ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள். சாப்பாட்டு நேரத்துக்கும் வெளியே கூட்டிப்போவதற்கும் இதுவே மேல். யாருக்கு முட்டை ஒவ்வாது, யார் சுண்டலை மெல்லாமல் விழுங்குவார் என்பது தெரிந்திருக்கும். (கடலையை மசித்தே கொடுங்கள்.) ஆனால் ஒரு பிள்ளை அழுதால் மற்ற ஒன்பதும் கண்ணிலிருந்து நழுவும்.

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. குளமும் கால்வாயும் பல ஊர்களில் பக்கத்திலேயே. அதனால் எந்த முறையானாலும் வாசலுக்கு ஓர் ஆள் கட்டாயம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. மூழ்குவதற்கு அரையடித் தண்ணீர் நிற்கும் வாளியே போதும், வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். வெளியே போகுமுன்னும், திரும்பியதும், தூங்கி எழுந்ததும் பேர் சொல்லி எண்ணுங்கள்.