பால்டிமோரா, சிரக்யூஸா, டென்வரா? லக்ராஸ் பிள்ளைகளை அமெரிக்காவில் எங்கே கூட்டிப்போவது?

மான்செஸ்டரைச் சுற்றி ஸ்டாக்போர்ட், சீடில் போன்ற ஊர்களில் நூறாண்டு தாண்டிய லக்ராஸ் கிளப்புகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது ஆனதும் அங்கே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: அமெரிக்கா டூர் எப்போது? எங்கே? பெற்றோர் இரண்டு வருடம் கேக் விற்று, கார் கழுவிக் காசு சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்த காசை எந்த ஊரில் செலவழித்தால் பிள்ளைகளுக்கு நல்லது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது. 15 முதல் 17 வயது, இருபது பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நீண்ட கோலின் நுனியில் ஒரு வலைப்பை. அதில் ரப்பர் பந்தைப் பிடித்து, ஓடி, எறிந்து கோல் போட வேண்டும். பையன்கள் ஆட்டத்தில் ஹெல்மெட், கையுறை, தோள்கவசம் எல்லாம் உண்டு, உடம்போடு உடம்பு மோதலாம். பெண்கள் ஆட்டத்தில் மோதல் கிடையாது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிதான், கிரிக்கெட்டோடு சேர்த்து இந்த ஆட்டத்தின் ஆறு பேர் வடிவத்தையும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்த்தது. அதிலிருந்து டூர் ஆசையும் கூடியிருக்கிறது.

ஈஸ்டரா, ஜூலையா?

ஊரைவிட முதலில் முடிவாக வேண்டியது மாதம். ஜூலையில் போனால் ஆடக் கிடைப்பவை கிளப் அணிகள். அவை கூடும் இடம் பெரிய டோர்னமென்ட்டுகள். ஒரே வளாகத்தில் பத்துப் பதினைந்து மைதானம் இருக்கும். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் குறிப்பேட்டோடு கல்லூரிக் கோச்சுகள் உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிப்படி, பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வந்த பிறகுதான் கோச் ஒரு மாணவரிடம் நேரடியாகப் பேச முடியும். ஆகவே அதற்கு முந்தைய கோடை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் மாதிரி. ஆட்டங்கள் சுருக்கம், கடிகாரம் நிற்காது, ஒரே நாளில் மூன்று ஆட்டம்கூட வரும். பால்டிமோரில் ஜூலைப் பகல் 30 டிகிரியைத் தாண்டும், அதோடு புழுக்கம். கை குலுக்கின கையோடு எதிரணி அடுத்த மைதானத்துக்கு ஓடிவிடும். இங்கிலாந்துப் பிள்ளை ஒன்பது ஆட்டம் ஆடியிருக்கும், ஒரு ஆளின் பெயர்கூடத் தெரியாமல் திரும்பிவரும்.

ஈஸ்டரில் கதை வேறு. அமெரிக்கப் பள்ளிகளின் லக்ராஸ் சீசன் மார்ச் முதல் மே வரை. பள்ளி அணியோடு அவர்கள் மைதானத்திலேயே ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்ப் பெற்றோர் பீட்சாவும் பழமும் மேஜையில் பரப்பி வைப்பார்கள். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம் பார்க்கலாம். குறை என்னவென்றால், பள்ளிகளுக்குச் சொந்த அட்டவணை இருக்கும். வெளிநாட்டு அணிக்கு வார நாள் சாயங்காலத்தில் ஒரு பயிற்சி ஆட்டம்தான் ஒதுக்க முடியும், அதுவும் ஒரு வருடம் முன்னதாகக் கேட்டு வைத்தால்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளியின் முதல் அணியோடுதான் ஆடுவோம் என்று கோச்சுகள் அடம்பிடிக்கக் கூடாது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடும் 'ஜேவி' என்ற இரண்டாம் அணியைக் கேளுங்கள். மேரிலாந்தில் பல பிள்ளைகள் ஐந்து ஆறு வயதிலேயே ஸ்டிக் பிடித்தவர்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் மேல்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறார்கள். 18-க்கு 2 என்று தோற்கும் ஆட்டத்தில் யாருக்கும் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. 9-க்கு 8 என்று முடியும் ஆட்டம் வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும். அதனால் என் கணக்கில் ஈஸ்டர்தான்.

பால்டிமோர்

மேரிலாந்து மாநிலத்தின் அதிகாரபூர்வ அணி விளையாட்டு லக்ராஸ். 2004-ல் சட்டமே போட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹோம்வுட் மைதானம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹாப்கின்ஸும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் 1895 முதல் மோதிவருகிறார்கள். அந்த ஆட்டம் பெரும்பாலும் ஏப்ரலில்தான் வரும், தேதி பொருந்தினால் விட்டுவிடாதீர்கள். நகரத்துக்கு வடக்கே ஸ்பார்க்ஸ் என்ற இடத்தில் அமெரிக்க லக்ராஸ் அமைப்பின் தலைமையகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வாஷிங்டன். அங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. இருபது பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே செர்ரி பூக்கும் காலம், ஓட்டல் விலை எகிறியிருக்கும். தங்குவது பால்டிமோரிலேயே இருக்கட்டும்.

பெண்கள் அணி என்றால் பால்டிமோருக்கு இன்னொரு உரிமை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன் 1884-ல் வட அமெரிக்கா போயிருந்தபோது பூர்வகுடி அணி ஒன்று ஆடியதைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். 1890-ல் அந்தப் பள்ளிப் பெண்கள் முதன்முதலில் ஆடினார்கள். அங்கே படித்த ரோசபெல் சின்க்ளேர் அமெரிக்காவில் குடியேறி, 1926-ல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் பெண்கள் அணியைத் தொடங்கினார். அமெரிக்காவில் பெண்கள் லக்ராஸ் நிலைத்தது அதிலிருந்துதான். பிரிட்டனிலிருந்து போகிற ஒரு பெண், அந்த ஊரில் விருந்தாளி மட்டும் இல்லை. ஆட்டத்தை அங்கே கொண்டுபோன வீட்டுப் பெண். பிள்ளைகளிடம் விமானம் ஏறுமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அமெரிக்காவில் பெண்கள் ஆட்டத்துக்குக் கண் கவசம் கட்டாயம். இங்கிலாந்தில் கவசம் இல்லாமல் ஆடிப் பழகியவர்கள் ஒரு மாதம் முன்பே போட்டுப் பழக வேண்டும். முதல் நாள் போட்டால் பக்கவாட்டில் வரும் பந்தே கண்ணில் படாது.

சிரக்யூஸ்

நியூயார்க் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 400 கிலோமீட்டர், பஸ்ஸில் நாலரை ஐந்து மணி நேரம். அமெரிக்காவில் அதிகம் பனி கொட்டும் நகரங்களில் ஒன்று. ஒன்டாரியோ ஏரியைக் கடந்துவரும் குளிர்காற்று வருடத்துக்கு மூன்று மீட்டர் அளவுக்குப் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். ஏப்ரலிலும் ஒரு நாள் கொட்டலாம். பால்டிமோரில் ஐந்து ஆட்டம் கிடைக்கும் இடத்தில் இங்கே மூன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அணி மட்டும் கவலையில்லாமல் ஆடும்; அவர்கள் மைதானத்துக்குக் கூரை உண்டு. வெஸ்ட் ஜெனசி போன்ற பள்ளிகளில் ஆட்டத் தரத்துக்கும் குறைவில்லை. ஓட்டலும் சாப்பாடும் வாஷிங்டன் விலையில் இருக்காது. ஒரு நாள் ஒதுக்கினால் நயாகரா பார்த்துவிடலாம்.

வசதியை மட்டும் கணக்குப் போட்டால் பால்டிமோர்தான் முன்னே நிற்கும். இருந்தும் என் மனம் சிரக்யூஸ் பக்கம்தான் சாய்கிறது. நகரத்துக்குச் சற்றுத் தெற்கே ஒனோண்டாகா மக்களின் நிலம் இருக்கிறது. ஆறு தேசங்கள் சேர்ந்த ஹோடெனோசோனி கூட்டமைப்பின் தலைமை இடம் அது. இராகுவா என்று பிரெஞ்சுக்காரர் அழைத்தது இவர்களைத்தான். இன்று உலகம் ஆடும் லக்ராஸ் இவர்களிடமிருந்து வந்தது. படைத்தவன் கொடுத்த ஆட்டம் என்பார்கள். நோயாளி குணமாகவும் ஆடுவார்கள். ஆண் குழந்தையின் தொட்டிலில் ஒரு சின்ன ஸ்டிக் வைப்பார்கள், இறந்தவரோடும் ஒன்றைப் புதைப்பார்கள். ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் காயவைத்துச் செதுக்கும் அந்தக் கலையில் பேர்போனவர் ஒனோண்டாகாவின் ஆல்ஃபி ஜாக்ஸ், 2023-ல் காலமானார். 2014-ல் கல்லூரி லக்ராஸின் உயர்ந்த விருதான டெவாராட்டனைப் பகிர்ந்துகொண்ட லைல், மைல்ஸ் தாம்சன் சகோதரர்களும் இந்த மண்ணின் பிள்ளைகள். 2015-ல் உள்ளரங்க உலகக் கோப்பை இந்த நிலத்திலேயே நடந்தது.

ஆனால் ஒனோண்டாகா சுற்றுலாத் தலம் இல்லை. அதற்குச் சொந்த அரசும் தலைவர்கள் சபையும் உண்டு. பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய் இறங்கிப் படம் எடுக்கிற இடமாக நினைத்தால் போகவே வேண்டாம். பல மாதம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று பதில் வந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அப்படி வந்தாலும் வழி அடைபடவில்லை. ஒனோண்டாகா ஏரிக்கரையில் 'ஸ்கானோ' என்ற மையம் இருக்கிறது. அவர்கள் வரலாற்றை அவர்கள் வாயாலேயே சொல்லும் இடம், எல்லோரும் போகலாம். பெண்கள் அணியின் கோச்சுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மர ஸ்டிக்கைப் பெண்கள் தொடக்கூடாது என்பது அவர்கள் மரபு. ஹோடெனோசோனிப் பெண்கள் இன்று பிளாஸ்டிக் ஸ்டிக்கோடு உலகப் போட்டிகளில் ஆடுகிறார்கள், அதற்கு முன்பு பெரியவர்களிடமிருந்து எதிர்ப்பும் இருந்தது. இதை உங்கள் பெண்களிடம் முன்னமே பேசிவிடுங்கள். பதினாறு வயதுக்குக் கோபம் வரும், கேள்வி கேட்கும். கேட்கட்டும். அந்த உரையாடல் பஸ்ஸிலேயே நடந்து முடிந்தால் நல்லது.

டென்வர்

டென்வருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லண்டனிலிருந்து நேரடி விமானம், ஒன்பது மணி நேரத்துக்கு மேல். நேர வித்தியாசம் ஏழு மணி. கிழக்குக் கரையில் ஐந்துதான். ஊர் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். 2015-ல் டென்வர் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்ற பிறகு மேற்கிலும் ஆட்டம் வேரூன்றிவிட்டது, தரம் நன்றாகவே இருக்கிறது. மலையும் அழகு. இரண்டாவது முறை போகிற அணிக்கு நல்ல இடம். பத்து நாளில் இரண்டு நாளை மூச்சுக்குக் கொடுத்துவிட்டு முதல் டூர் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்குவது

கல்லூரி விடுதி மலிவுதான், ஆனால் கோடையில்தான் காலியாகும். ஈஸ்டரில் மாணவர்கள் அங்கேயே இருப்பார்கள். மிச்சம் ஓட்டல் அல்லது எதிரணிப் பிள்ளைகளின் வீடு. வீடுகளில் தங்க வைத்தால் செலவு பாதியாகக் குறையலாம், நட்பு நிலைக்கும். ஆனால் ஒரு பிள்ளையைத் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பக் கூடாது, இரண்டு இரண்டு பேராகத்தான். அந்த வீட்டுப் பெரியவர்களின் பின்னணியைச் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். எல்லா வீடும் சரிபார்க்க நேரம் இல்லையென்றால் ஓட்டலே போதும்.

சரி, என் தேர்வு: ஆறு நாள் சிரக்யூஸ், நாலு நாள் பால்டிமோர். இடையில் 500 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம், ஒரு பகல் போய்விடும், அதைத் தாங்கலாம். பெண்கள் மட்டும் போகும் முதல் டூர், பத்து நாளும் கிடையாது, ஏழு நாள்தான் என்றால் பால்டிமோர் மட்டும் போதும்.

எதை முடிவு செய்தாலும், டிக்கெட் போடுவதற்கு முன் எல்லாப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் மேஜையில் வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் ஆன்லைனில் 'எஸ்டா' அனுமதி, 2025 செப்டம்பர் கடைசியில் கட்டணம் 40 டாலர் ஆனது. அணியில் இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ வைத்திருக்கும் ஒரு பிள்ளை இருந்தால் முறையான விசா வேண்டும், அதற்குக் காத்திருக்க மாதங்கள் ஆகலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலை.

2010 ஜூலையில் உலகக் கோப்பை மான்செஸ்டரில் நடந்தது. இராகுவா அணி தங்கள் சொந்த ஹோடெனோசோனி பாஸ்போர்ட்டோடு கிளம்பி நியூயார்க்கில் மாட்டிக்கொண்டது. அமெரிக்க அரசு கடைசியில் ஒருமுறை விலக்கு கொடுத்தது, பிரிட்டன் விசா கொடுக்க மறுத்துவிட்டது. அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அவர்கள் சம்மதிக்கவில்லை, அணி முழுவதும் வீடு திரும்பியது. ஆட்டத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் இல்லாமலே மான்செஸ்டரில் உலகக் கோப்பை நடந்து முடிந்தது. அதே மான்செஸ்டரிலிருந்து கிளம்புகிற பிள்ளைகள் ஒனோண்டாகா பக்கம் போகும்போது இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். உங்கள் அணியில் ஒரு பிள்ளைக்கு விசா வரவில்லை என்றால், பத்தொன்பது பேரோடு கிளம்பாதீர்கள். டூரை அடுத்த ஈஸ்டருக்குத் தள்ளிவையுங்கள்.