ஓர் எண் ஆய்வுக் கருவியும் 4294967297உம்

பெரிய முழு எண் ஒன்றை உள்ளிட்டால் அதன் பகாக் காரணிகள், வகுஎண்கள், வகைப்பாடுகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தரும் இலவச இணையக் கருவிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை, விடை முன்பே தெரிந்த எண்களைக் கொடுத்துச் சோதித்து எழுதிய மதிப்பீடு இது.

முதலில் கொடுத்தது 4294967297. இரண்டின் 32ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் இந்த எண்ணைப் பகா எண் என்றே கணித அறிஞர் ஃபெர்மா கருதியிருந்தார். 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று 1732இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் காட்டினார். கருவி 641 × 6700417 என்று நொடிப்பொழுதில் பிரித்துவிட்டது. தன்னை நீக்கிய வகுஎண்களின் கூட்டுத்தொகை 6701059 மட்டுமே என்பதால் இது குறைவெண் என்றும், எந்தப் பகாக் காரணியும் இருமுறை வராததால் வர்க்கக் காரணியற்றது என்றும் அது வகைப்படுத்தியது சரியே.

ஆனால் இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதும் பகுதியில் 65536² + 1² என்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டு காரணிகளுமே நான்கால் வகுத்தால் மீதி ஒன்று தரும் பகா எண்கள் என்பதால் இன்னொரு வழியும் இருந்தே தீர வேண்டும். அது 62264² + 20449². (அந்த 20449, 143இன் வர்க்கம் என்பது தனிச் சுவை.) ஒற்றைப்படை எண் ஒன்றை இப்படி இரு வழிகளில் எழுத முடிவதே அது பகு எண் என்பதற்குச் சான்று என்னும்போது, விடுபட்ட வரியைச் சிறு குறையாகக் கொள்ள இயலவில்லை.

அடுத்தது 3215031751. அடிமானம் எனப்படும் ஓர் எண்ணைத் தேர்ந்து, அதன் அடுக்குகளைக் கொண்டு ஓர் எண் பகா எண்ணா என்று பார்ப்பது மில்லர்–ராபின் சோதனை. 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களிலும் மில்லர்–ராபின் சோதனையைத் தாண்டி, பகா எண்போல நடிக்கும் பகு எண்களில் இதுவே மிகச் சிறியது. கருவி ஏமாறவில்லை, 151 × 751 × 28351 என்று பிரித்ததுடன், இது கார்மைக்கேல் எண் (தன்னோடு பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானங்களிலும், இதைவிட எளிய ஃபெர்மா சோதனையைத் தாண்டிவிடும் பகு எண்) என்பதையும் குறித்திருந்தது. பாராட்டத்தக்க கவனம் இது.

அந்தக் கவனம் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களில் காணப்படவில்லை. அங்கே நடப்பது தற்செயலாகத் தேர்ந்த அடிமானங்களில் செய்யும் சோதனைதான் என்று உதவிப் பக்கமே கூறுகிறது. ஒவ்வொரு முறையும் பகு எண் தப்பிவிடும் வாய்ப்பு கால் பங்கைத் தாண்டாது என்பதால் பலமுறை செய்தால் ஐயம் மிகவும் குறையுமே தவிர, நிறுவல் ஆகிவிடாது. அப்படியிருக்க, 'பகா எண்ணாக இருக்கக்கூடும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பகா எண்' என்று அறுதியிட்டுச் சொல்வது தவறு.

வரிசையமைப்பும் திருத்தப்பட வேண்டும். 8589869056 ஒரு நிறைவெண். தன்னை நீக்கிய வகுஎண்களைக் கூட்டினால் அதே எண் வரும். பதின்ம முறையில் எழுதுவதால் மட்டும் தோன்றும் இலக்கக் கூட்டுத்தொகை 64 பக்கத்தின் தலைப்பில் இடம்பெற, நிறைவெண் என்ற செய்தியைக் கீழே உருட்டித் தேட வேண்டியிருக்கிறது.